கம்ப்யூட்டர் ஆன் ஆகுது... டிஸ்ப்ளே வரலையா? ஃபார்மட் பண்ணும் முன் இதைப் பாருங்க!

ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர் மட்டும் கருப்பா இருக்கா? சின்னசேலத்தில் இருந்து சிபியுவைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறும் முன், வீட்டிலேயே இவற்றைச் சரிபார்க்கலாம்.

மானிட்டர்: ‘நோ சிக்னல்’ என்று காட்டினால், பெரும்பாலும் மானிட்டரில் கோளாறு இல்லை. விஜிஏ அல்லது ஹெச்டிஎம்ஐ கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்க. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிளை அதில்தான் செருகணும்.

ரேம்: அடிக்கடி சிக்கல் தருவது இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடிங்க. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை பென்சில் ரப்பரால் மெதுவா துடைத்து, ‘டக்’ சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்க. இரண்டு ரேம் இருந்தால், ஒவ்வொன்றா போட்டுப் பாருங்க.

பேட்டரி: மதர்போர்டில் காசு போல இருக்கும் 3 வோல்ட் பேட்டரியை 5 நிமிடம் கழற்றி மாட்டினால், பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும். தேதி, நேரத்தை மறுபடி வைக்கணும்.

எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கலாம்.

ஃபார்மட் தேவையா?

ஆன் செய்ததும் கம்பெனி லோகோகூட வரலைன்னா, கம்ப்யூட்டர் பெரும்பாலும் விண்டோஸ் தொடங்கும் கட்டத்துக்கே போகவில்லை. அதனால் ஃபார்மட் செய்தாலும் இந்தக் கோளாறு சரியாகாது; உங்கள் ஃபைல்கள்தான் போகும். போட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஹார்டு டிஸ்கில் இருப்பவை. டிஸ்ப்ளே வராததால் மட்டும் அவை அழியாது.

கடையில் கொடுக்கும்போதே, ‘என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க’ என்று சொல்லிடுங்க.