நிலக்கடலையின் தற்காப்பும் பருவ இறுதி வறட்சியும்

தாவரங்களுக்கு இரத்த ஓட்டமில்லை. நோய்க்கிருமியைத் தேடிச் சென்று அழிக்கும் வெள்ளணுக்களும் இல்லை. ஆயினும் வயலில் ஓயாது வந்து விழும் பூசண வித்துகளில் மிகச் சிலவே நோயை உண்டாக்குகின்றன. தடித்த மேற்றோலும், முன்னரே சேமிக்கப்பட்டிருக்கும் துவர்ப்புப் பொருள்களும் இதற்கு ஓரளவு காரணமாகும். பூசணம் தாக்கிய பின்னர் செடி புதிதாக ஆக்கிக்கொள்ளும் இரசாயனப் பொருள்கள் மற்றொரு காரணம். இவற்றைப் பைட்டோஅலெக்சின்கள் என்பர்.

இக்கருத்தை 1940-இல் ஜெர்மானிய அறிஞர்களான முல்லரும் போர்கரும் வெளியிட்டனர். உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கிருமியில், குறிப்பிட்ட கிழங்கினத்தைத் தாக்கவல்ல வகையும் உண்டு. தாக்கவியலாத வகையும் உண்டு. (இக்கிருமி உண்மைப் பூசணமன்று, அதனை ஒத்ததே என இன்று அறிகிறோம்.) வெட்டிய கிழங்கின் ஒரு பகுதியில் தாக்கவியலாத வகையை முதலில் தடவி, பின்னர் அதன்மேல் தாக்கவல்ல வகையைத் தடவினர். அவ்விடத்தில் இரண்டாவது வகை வளரவில்லை. ஏனைய பகுதிகளில் செழித்து வளர்ந்தது. முதல் தாக்குதலின்போது கிழங்குத் திசு ஏதோவொரு பொருளைச் சுரந்திருத்தல் வேண்டுமென அவர்கள் முடிவு செய்தனர். 1960-இல் ஆஸ்திரேலியாவில் பட்டாணியிலிருந்து பிசாட்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டபோது இம்முடிவு வலுப்பெற்றது.

பூசணத்தின் செல்சுவரிலிருந்து உதிரும் நுண்துகள்களே செடிக்கு முதல் எச்சரிக்கை. செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் அவற்றை இனங்கண்டதும், அதுவரை செயலற்றிருந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்கி, வேண்டிய நொதிகள் உருவாகின்றன. சோளத்தில் இதன் விளைவைக் கண்ணாலேயே காணலாம். பூசணம் நுழைய முயலும் இடத்தை நோக்கிச் செல்லினுள் சிறு உருண்டைகள் நகர்ந்து, நிறமேறி, உடைந்து செந்நிறப் பொருளை வெளிவிடுவதை 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தனர். பூசணத்தோடு அந்தச் செல்லும் மடிகிறது. ஒரு செல்லை இழந்து இலையைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. சோள இலையின் செம்புள்ளிகளை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், பூச்சிக் கடியாலும் காயத்தாலும் அத்தகைய நிறம் தோன்றலாம் என்பதையும் உடன் கூறுதல் நன்று.

நிலக்கடலையில் இப்பணியைச் செய்வன ஸ்டில்பீன் வகைப் பொருள்கள். திராட்சையில் காணப்படும் ரெஸ்வெரட்ரால் அவற்றுள் ஒன்று. நிலக்கடலைக்கு இது வெறும் நோயெதிர்ப்புச் செய்தியன்று. மண்ணில் வாழும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் பருப்பினுள் புகுந்தால் அஃபிளாடாக்சின் என்ற கொடிய நஞ்சை ஆக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில், நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்த பின்னரே இந்நஞ்சு கண்டறியப்பட்டது. 1974-இல் குஜராத், இராஜஸ்தான் எல்லைப்புறக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுள் நூற்றுவருக்கு மேல் கல்லீரல் கெட்டு மாண்டனர். அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். குன்னூரில் தோன்றி 1958-இல் ஐதராபாத்திற்கு மாறிய இந்நிறுவனம், சைனிக்புரிக்குத் தெற்கே சில கல் தொலைவில் தார்நாகாவில் உள்ளது. நகரின் மறுகோடியில், பட்டாஞ்சேருவில் 1972-இல் நிறுவப்பெற்ற இக்ரிசாட் எனும் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையமும் நிலக்கடலையின் அஃபிளாடாக்சின் சிக்கலை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

பருப்பில் ஈரம் போதிய அளவு இருக்கும்வரை அது ஸ்டில்பீன்களை ஆக்கிப் பூசணத்தைத் தடுத்து நிறுத்தும். அறுவடைக்கு முந்திய 3 முதல் 6 வாரங்களில் மழை பொய்த்து, நிலமும் சூடேறினால், மண்ணுக்குள்ளேயே பருப்பின் ஈரம் குறைகிறது. ஸ்டில்பீன் ஆக்கும் திறன் நின்றுவிடுகிறது. பூசணமோ அதனினும் குறைந்த ஈரத்திலும் வளரவல்லது. செடியின் கை ஓய்ந்து, பூசணத்தின் கை ஓங்கும் இந்த இடைவெளியில்தான் நஞ்சு சேருகிறது. முற்றிய பருப்பைவிட இளம்பருப்பு விரைவில் இடங்கொடுக்கும்.

மானாவாரி உழவர், காய்கள் நன்கு பெருக்கட்டும் என்று அறுவடையைத் தள்ளிப்போடுவது இயல்பே. வறட்சியாண்டில் அது ஆபத்தாக முடியலாம். கிணற்று வசதியுள்ளோர் காய் முற்றும் காலத்தில் ஒரு தண்ணீரேனும் பாய்ச்சுதல் பயன் தரும். களைவெட்டும்போது காய்கள் காயப்படாமல் காத்தலும், பிடுங்கிய பின் சுருங்கிய பருப்புகளையும் கறையான் அரித்த காய்களையும் பிரித்து நீக்குதலும் வேண்டும். ஒதுக்கியவற்றைச் செக்கிற்கு அனுப்புவது வழக்கத்தில் உண்டு. எனினும் பிண்ணாக்கில் நஞ்சு தங்கும், அது மாடுகளின் வழியே பாலுக்கும் வரும்.

உலர்ந்த பருப்பில் உயிர் இருந்தும் தற்காப்பு ஆற்றல் இயங்குவதில்லை. ஆகவே கிடங்கில் உள்ள கடலைக்கு உலர்வே காப்பு. வெயிலில் விரைந்து காயவைத்து, ஈரத்தை 8 விழுக்காட்டுக்குக் கீழ்க் கொணர்ந்த பின்னரே மூட்டை கட்ட வேண்டும்.