பெடஸ்ட்ரியன்: நடப்பவருக்கு வந்த பழி

நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்களில் தம் மகனுடைய ஆங்கிலக் கட்டுரை ஏட்டுடன் நம்மிடம் வந்தார். அலிபிரியிலிருந்து திருமலைக்குக் குடும்பத்தோடு நடந்து சென்றதைப் பையன் எழுதியிருந்தான். கீழே ஆசிரியர் சிவப்பு மையால் 'பெடஸ்ட்ரியன்' என்ற ஒரே சொல்லை எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்திருந்தார். "நடந்து போனதைத்தானே எழுதினான்? நடப்பவன் என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை ஏன் குறைக்க வேண்டும்?" என்பது அன்பரின் ஐயம். பையனோ அகராதியைப் பார்த்துவிட்டான். இனிச் சொந்தமாக ஒரு வரியும் எழுதுவதில்லை, கடையில் விற்கும் நோட்ஸை நெட்டுருப் போட்டு எழுதிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தான்.

அச்சொல்லுக்குச் சாலையில் கால்நடையாகச் செல்பவர் என்னும் பொருளோடு, கற்பனையற்ற, சப்பென்ற எழுத்து என்னும் பொருளும் உண்டு. முன்னதே மூத்த பொருள் என்று எண்ணத் தோன்றும். ஆங்கிலத்தில் நேர்ந்தது இதற்கு மாறு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சொல் எழுத்தை இகழும் சொல்லாகவே அம்மொழிக்குள் புகுந்தது. தெருவில் நடப்பவரைச் சுட்டலாயிற்று அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'பெஸ்' என்றால் பாதம். 'பெடஸ்டர்' என்றால் காலால் நடப்பவன், காலாட்படை வீரன். உரோமாபுரியில் குதிரை வீரர் தனி வகுப்பினராக மதிக்கப்பெற்றனர். அப்பெருமை இலக்கியத்திலும் ஏறியது. கவிதை குதிரைமேல் செல்வது, உரைநடை தரையில் நடப்பது என்று கொண்டு, உரைநடைக்கு இச்சொல்லையே வழங்கினர். கிரேக்கரிடத்தும் இவ்வழக்கு இருந்தது. ஸ்ட்ராபோ என்னும் நிலநூலார், பேச்சு தேரைவிட்டுத் தரைக்கு இறங்கியதற்கு இவ்வழக்கே சான்று என்கிறார். ஹொரேஸ் என்ற உரோமக் கவிஞர் மட்டும் தம் அங்கதப் பாடல்களின் கலைமகளை நடந்து செல்பவள் என்று நகைச்சுவையோடு உரிமை கொண்டாடினார். ஆகவே, குதிரை வைத்திருந்தவன் குதிரையில்லாதவனைச் சொன்ன சொல் இது! குதிரைக்கும் பழி தப்பவில்லை என்பது வேறு செய்தி. பலர் வாயில் பட்டுத் தேய்ந்த தொடரை ஆங்கிலேயர் 'ஹாக்னீட்' என்பர். அது வாடகைக் குதிரையின் பெயரிலிருந்து வந்தது.

நம் மொழியிலோ செய்யுளின் வரிக்கே அடி என்று பெயர். வடமொழியிலும் தெலுங்கிலும் பாதம். எழுத்தின் போக்கை நடை என்கிறோம்; நல்ல நடை என்று புகழ்கிறோம். புதுமையற்ற எழுத்தைப் பழிக்க வேண்டுமானால் அரைத்த மாவையே அரைக்கிறான் என்போம், செக்குமாடு என்போம். செக்குமாடும் நடக்கத்தான் செய்கிறது. பழி நடப்பதற்கு அன்று, சுற்றியதையே சுற்றுவதற்கு.

இனிப் பையனின் கட்டுரைக்கு வருவோம். ஒருபுறம் சாயாமல் சொன்னால் ஆசிரியரின் தீர்ப்பு தவறன்று. ஏழு மலைகள், இயற்கை எழில், கண்கொள்ளாக் காட்சி, பக்தி வெள்ளம் இவையே பக்கம் முழுதும். பஸ்ஸில் சென்றவனும் இவற்றை எழுதலாம், செல்லாதவனும் எழுதலாம். 1944இல் மலைச்சாலை திறக்கப்படும்வரை யாவரும் நடந்தோ டோலியிலோதான் சென்றனர். அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள். படிதோறும் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டு குனிந்தே ஏறும் பெண்களைக் காண நடந்தால்தான் முடியும். மோகாள்ள மெட்டு என்னும் செங்குத்தான ஏற்றத்தை இராமாநுசர் முழங்காலால் ஏறினார் என்பது மரபு. சிறுவன் அன்னமய்யா அங்கே களைத்துப் படுத்திருந்தபோது தாயார் காட்சி தர, அவர்மீது சதகம் பாடினான் என்பதும் மரபு. பதகவிதா பிதாமகர் என்று தெலுங்கர் போற்றும் அப்பெருங்கவி நடந்து ஏறியவரே.

பையனை அருகில் இருத்தி, வழியில் என்ன பார்த்தாய் என்று தமிழில் கேட்டோம். பாட்டி படிகளை எண்ணிக்கொண்டே வந்து ஆயிரத்துக்கு மேல் கணக்கை விட்டுவிட்டு அழாத குறையாக நின்றது, முன்பின் அறியாத தெலுங்கு அம்மையார் ஒருவர் பாட்டியின் கையைப் பிடித்து மேலே அழைத்துச் சென்றது, மறுநாள் தந்தையார் படி இறங்க முடியாமல் பின்பக்கமாக இறங்கியது என்று அரைமணி நேரம் சொன்னான். ஏட்டில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. "இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதலாமா, சார்?" என்று கேட்டான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஏட்டில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு முதல் இரண்டிலும் வாழ்ந்தது மூன்றாவதில் புகத் தகாதது என்ற எண்ணம் எப்படியோ படிந்துவிடுகிறது. நோட்ஸ் அதற்குத் துணை நிற்கிறது.

சிறுவர் பகுதியை நாம் கவனித்து வருவதால் ஓர் அறிவிப்பு. அடுத்த இதழுக்குப் பிள்ளைகள் தாம் நடந்து சென்ற ஏதேனும் ஒரு வழியைப் பற்றி, மூன்று மொழிகளில் எதிலேனும், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பலாம். பெற்றோர் திருத்தம் வேண்டா. 'கண்கொள்ளாக் காட்சி' வரும் கட்டுரைகள் திருப்பி அனுப்பப்படும்.