"புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்திய பிறகு

காக்களூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு முழுக்கள் பாடத்தை முடித்ததும் வழக்கம்போல, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது டீச்சர்!" என்று 34 குரல்கள் ஒன்றாக எழுந்தன. மறுவாரம் வைத்த தேர்வில் −5 − 3 என்ற கணக்குக்குப் பாதிப்பேர் 8 என்று விடை எழுதியிருந்தார்கள்.

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு என்று முதல் வகுப்பிலிருந்தே அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

அந்த வாரச் சனிக்கிழமை பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அப்பா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. மகன் இப்போது சென்னையில் மென்பொருள் சோதனையாளர். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார். "எங்க டீம்லயும் 'எல்லாம் ஓகேவா?'ன்னு கேட்டா 'ஓகே'ன்னுதான் சொல்வோம் டீச்சர். அதனால அப்படிக் கேட்கறதையே விட்டுட்டோம்" என்றார்.

மென்பொருள் குழுக்கள் கண்ட வழி

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி 'அஜைல்' அறிக்கையை வெளியிட்டார்கள். அதன் 12 கொள்கைகளில் கடைசியானது இது: குழு குறிப்பிட்ட இடைவெளிகளில் தன் வேலைமுறையைத் தானே திரும்பிப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். இக்குழுக்கள் பெரும்பாலும் இரண்டு வாரம், அதிகம் போனால் ஒரு மாதம் என வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு பின்னோக்குக் கூட்டம் நடக்கும். எது உதவியது, எது தடுத்தது, அடுத்த சுற்றில் எதை மாற்றலாம் என்ற மூன்றையும் அதில் பேசுகிறார்கள்.

கூட்டம் போட்டால் மட்டும் உண்மை வந்துவிடாது. மாணவரின் குழுவிலேயே தொடக்கத்தில் மேலாளர் எதிரே அமர்ந்து ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். ஆண்டு மதிப்பீடு எழுதுபவரும் அவரே. யார் வாய் திறப்பார்கள்? பிறகு மூன்று மாற்றங்கள் செய்தார்களாம். முதலில் எல்லாரும் பேசாமல் சீட்டில் எழுதுவது. மூத்தவர் கடைசியில் பேசுவது. வந்த குறைகளில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, யார் எப்போதுக்குள் சரிசெய்வது என்று முடிவுசெய்து, அடுத்த கூட்டத்தை அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவது.

இக்கூட்டங்களைப் பற்றி 2001இல் நூல் எழுதிய நார்மன் கெர்த், கூட்டத்தின் முதல் விதியாக ஒன்றை வைத்தார். அன்றைய அறிவு, திறமை, வசதி, சூழல் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் செய்தார்கள் என்று நம்பித் தொடங்க வேண்டும் என்பதே அது. 'யார் செய்தது?' என்ற கேள்வி விலகினால்தான் 'என்ன நடந்தது?' என்பதற்கு விடை கிடைக்கும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1990களில் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகளோ அங்கேதான் அதிகம். அக்குழுக்களில் பிழையை மறைக்காமல் பேச முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தை 1999இல் அவர் விரிவாக எழுதினார். பிழையே வராத வகுப்பைப் பார்த்தால் இப்போது எனக்குச் சற்றுக் கவலையாக இருக்கிறது.

வகுப்பறையில் செய்து பார்த்தது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 15 நிமிடம் ஒதுக்கினேன். பெயர் எழுதாத சீட்டில் மூன்று கேள்விகள்: எது உனக்குப் புரிய உதவியது? எந்த இடத்தில் வழி தவறியது? அடுத்த வாரம் நான் எதை மாற்ற வேண்டும்?

முதல்முறை 29 சீட்டுகளில் "எல்லாம் நல்லா இருக்கு டீச்சர்" என்றே இருந்தது. அடுத்தமுறை என் பிழையை நானே முதலில் சொன்னேன்: "−5 − 3 கணக்கை நான் சரியா நடத்தலை. எங்கே குழப்பினேன்னு சொல்லுங்க." சீட்டுகளை இரு மாணவர்கள் தொகுத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டு, என்னிடம் தராமல் கிழித்துப் போட்டார்கள்.

அன்றுதான் உண்மை வந்தது. "ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ்னு நீங்கதான் சொன்னீங்க." ஆம், பெருக்கலுக்குச் சொன்ன குறுக்குவழியை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பாதி வகுப்பு செய்த தவறு என் வாக்கியத்திலிருந்து பிறந்தது. திங்களன்று தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் எண்கோடு வரைந்தோம். −5இல் நின்று இடப்பக்கம் மூன்று அடி நடந்தவர்கள் −8ஐ மிதித்தார்கள்.

இன்னொரு வரி: "தப்பா சொன்னா உடனே 'உட்காரு'ன்னு சொல்றீங்க. அப்புறம் கை தூக்கப் பயமா இருக்கு." அன்று இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

நான் கெடுத்ததும் சரிசெய்ததும்

சீட்டு கிழிந்தாலும் அந்த நடை யாருடையது என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் ஒரு மாணவியிடம், கனிவாகத்தான், "நீதானே எழுதினே?" என்று கேட்டுவிட்டேன். அடுத்தமுறை ஒன்பது சீட்டுகள் வெறுமையாக வந்தன. அந்த நம்பிக்கையை மீட்க இரண்டு மாதமானது. வகுப்பின் முன் வருத்தம் தெரிவித்தேன். "உட்காரு" என்பதற்குப் பதில் "எப்படி யோசிச்சே?" என்று கேட்கப் பழகினேன். அதை மறந்தால் நினைவூட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுத்தேன். ஒரு நாள் அந்த மாணவியே கை தூக்கி, "டீச்சர், 'உட்காரு'ன்னுட்டீங்க" என்றாள். வகுப்பு சிரித்தது, நானும்தான்.

முடியாத கோரிக்கைகளும் வரும். "மின்விசிறி ஓடலை" என்பதை என்னால் உடனே சரிசெய்ய முடியவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தேன் என்பதையும், அங்கே கிடைத்த பதிலையும் வகுப்பில் சொன்னேன். பதிலே வராவிட்டால் அடுத்தமுறை யாரும் எழுத மாட்டார்கள்.

தொடக்க வகுப்புகளில் எழுதச் சொல்ல வேண்டாம். மூன்று முகப்படம் ஒட்டிய டப்பாக்களில் ஒரு புளியங்கொட்டையைப் போடச் சொன்னால் போதும். போடும்போது ஆசிரியர் சன்னல் பக்கம் திரும்பி நிற்கலாம்.

குறுவள மையக் கூட்டங்களில் "பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால் நாமும் "நன்று" என்றுதான் எழுதுகிறோம். "எந்தப் பகுதியைத் திங்கட்கிழமை வகுப்பில் பயன்படுத்துவீர்கள்? எதைப் பயன்படுத்த முடியாது, ஏன்?" என்று கேட்டால் கருத்தாளருக்கும் பயன் கிடைக்கும்.

கடிந்து சொல்வோர் இல்லாத மன்னனைப் பற்றி வள்ளுவர் எச்சரித்ததை வகுப்பில் நடத்துகிறோம். நம் வகுப்பில் அதைச் சொல்லக்கூடியவர்கள் எதிரே பெஞ்சில்தான் அமர்ந்திருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை 15 நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். முதல் சீட்டை நீங்களே எழுதுங்கள்.