பழுதுபார்க்கும் மேசைக்கு முதலில் வாங்க வேண்டியது எது?

2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது 200 ரூபாவை அண்டியிருந்த டொலரின் விலை, ஓரிரு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. அதனுடன் இறக்குமதி செய்யப்படும் இலத்திரனியல் பொருட்களின் விலையும் ஏறியது. புதிது வாங்குவதை விடப் பழையதைத் திருத்திப் பாவிப்பதே மேல் என்று பலரும் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ரேடியோ, சார்ஜர், மின்விசிறி, எல்.ஈ.டி. விளக்கு போன்றவற்றைத் திருத்தும் தொழிலை வீட்டின் ஓர் அறையிலேயே ஆரம்பிக்கலாம். கடை வாடகையோ முற்பணமோ தேவையில்லை. எனினும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குச் சென்று கண்ணில் பட்ட கருவிகளையெல்லாம் ஒரே நாளில் வாங்கினால், கையிலுள்ள முதல் முழுவதும் மேசையிலேயே முடங்கிவிடும். எதை முதலில் வாங்குவது, எதைப் பிற்போடுவது என்பதிலேயே இத்தொழிலின் இலாபம் தங்கியுள்ளது.

முதலாவது மல்டிமீட்டர்

வோல்ட், அம்பியர், ஓம் ஆகியவற்றை அளக்கும் இக்கருவியில் மட்டும் விலையைக் குறைக்க முயலக் கூடாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எனவே, ‘கெட் 3, 600 வோல்ட்’ என்ற பாதுகாப்புத் தரமுள்ள மீட்டரே பொருத்தமானது. மலிவான சில மீட்டர்களில் இத்தரம் பெயருக்கு மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே சாதாரண சிறிய கண்ணாடி பியூஸ் இருந்தால் சந்தேகிக்க வேண்டும். தரமானவற்றில் தடித்த செரமிக் பியூஸ் இருக்கும்.

மீட்டரின் பற்றரி இறங்கினால் பல மீட்டர்கள் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும். அவ்வேளையில் பழுதான சார்ஜரும் நல்லதாகவே தெரியும். திருத்திய பொருள் மறுநாளே திரும்பி வந்தால் நட்டமடைவது உங்கள் பெயர்தான்.

இரண்டாவது சோல்டரிங் அயன்

வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 60 வோட் அயன் ஒன்று போதுமானது. 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த கம்பி 183 பாகை செல்சியஸில் உருகும். பொதுவான வேலைக்கு அயனின் முனையை 350 பாகையளவில் வைத்துக் கொள்ளலாம். ஈயம் நஞ்சு என்பதால் வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், புகை வெளியேற யன்னலைத் திறந்து வைப்பதும் அவசியம். இவற்றுடன் ஈயம் உறிஞ்சி, வெட்டுக் குறடு, சிறிய ஸ்க்ரூ ட்ரைவர்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி என்பனவும் வேண்டும்.

செலவற்ற பாதுகாப்பு

ஒரு ஹோல்டரும் 60 அல்லது 100 வோட் இழை பல்ப் ஒன்றும் இருந்தால் ‘சீரியல் பல்ப்’ தயார். திருத்திய பொருளுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது இந்தப் பல்பின் ஊடாகக் கொடுக்க வேண்டும். பல்ப் முழு வெளிச்சத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோர்ட் இருக்கிறது என்று கொள்ளலாம். புதிதாகப் போட்ட பாகங்கள் புகைந்து போகாமல் தப்பும். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது.

சார்ஜர், தொலைக்காட்சி போன்றவற்றின் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்பும் அது உயிருக்கு ஆபத்தானது. தகுந்த ரெசிஸ்டர் ஒன்றின் ஊடாக அதனை இறக்கி, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். மேசைக்கு வரும் மின் இணைப்பில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருப்பது கட்டாயம். பிள்ளைகள் நடமாடும் வீடாயின் அறைக்குப் பூட்டும் தேவை.

பிற்போட வேண்டியவை

0 முதல் 30 வோல்ட் வரை மாற்றக்கூடிய, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பவர் சப்ளையை வேலைகள் பெருகிய பின் வாங்கலாம். ஒசிலோஸ்கோப் கடைசியாகவே வர வேண்டும். அதன் எர்த் கிளிப்பைத் தவறுதலாக மெயின் பகுதியில் மாட்டினால் பொருளும் கருவியும் ஒருசேரக் கருகிவிடும். பழக்கமில்லாதவருக்கு அது இலாபத்தை விட நட்டத்தையே தரும்.

வாங்குமுன் ஒரு கணக்கு

உதாரணமாக, 20,000 ரூபா கருவியொன்று தேவைப்படும் வேலையில் செலவு போக 500 ரூபா மிஞ்சுமாயின், 40 வேலைகளின் பின்னரே அதன் விலை கைக்கு வரும். அத்தகைய வேலை மாதத்தில் இரண்டு மட்டுமே வருமானால் முதல் திரும்ப இருபது மாதங்கள் செல்லும். ஆகவே, கருவி இல்லாததால் திருப்பி அனுப்பிய வேலைகளை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அடுத்து வாங்க வேண்டியது எதுவென்று அந்தக் கொப்பியே சொல்லும். அதனையும் கடனுக்கு அன்றி, மேசை உழைத்த பணத்திலேயே வாங்குவது நல்லது.

வாடிக்கையாளர் ஒப்படைத்த பொருள் உங்களிடமுள்ள அமானிதம். திகதி, பழுது, பேசிய கூலி என்பவற்றை எழுதி ஒரு துண்டை அவரிடம் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் திருப்பிக் கொடுங்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் கடையில் வாங்க முடியாத நம்பிக்கையை அது உங்களுக்குப் பெற்றுத் தரும்.