மனசு காட்டும் எரர் மெசேஜ்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரையும் பயமுறுத்துவது திரையில் திடீரென்று முளைக்கும் செய்திகள்தான். மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்ததுமே எல்லாம் போச்சு என்று சுவிட்சை அணைத்துவிடுவார்கள். பழகிய பிறகுதான் வார்னிங் வேறு, எரர் வேறு என்று தெரியவரும். வார்னிங் வந்தாலும் புரோகிராம் தொடர்ந்து ஓடும்.

உடற்பயிற்சி செய்யும்போது மனதுக்குள் கேட்கும் "என்னால் முடியாது", "இந்த வயசுல இது தேவையா", "எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க" போன்ற பேச்சுகளில் பெரும்பாலானவை வார்னிங் ரகம்தான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை ஏறுகிறது என்று டாக்டர் எச்சரித்து நடக்க ஆரம்பித்தவர்கூட இரண்டே வாரத்தில் ஷூவை மூலையில் போடுகிறார் என்றால், கால் வலியைவிட இந்தப் பேச்சுதான் காரணமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், மூட்டில் சுரீரென்ற வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் இவையெல்லாம் நிஜமான எரர்கள். உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அங்கே தன்னம்பிக்கை வசனத்துக்கு வேலையில்லை.

மற்றபடி மனசு சொல்வது எவ்வளவு தூரம் நிஜம் என்று சோதிக்க ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1996-ல் அமெரிக்காவின் ஜோஷ் கிளார்க் உருவாக்கிய 'கவுச் டு ஃபைவ் கே' என்பது ஓடியே பழக்கமில்லாதவர்களுக்கான 9 வாரத் திட்டம். வாரம் 3 நாள் பயிற்சி. முதல் வாரத்தில் 60 விநாடி மெதுவான ஓட்டம், 90 விநாடி நடை என மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஐந்தாம் வாரம்தான் வேடிக்கை. இரண்டாம் நாளில் 8 நிமிட ஓட்டம் இரண்டு முறை, நடுவில் நடை. அடுத்த பயிற்சியிலேயே நடையே இல்லாமல் 20 நிமிடம்! அட்டவணையைப் பார்த்ததுமே மனசு "முடியாது" என்று சொல்லிவிடும். கால் இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்காது.

சாஃப்ட்வேர் ஆட்கள் இந்த மாதிரி சமயத்தில் செய்வது லாக் ஃபைலைப் பார்ப்பது. நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, முதல் வரிசையில் தேதி, எத்தனையாவது நிமிடம், மனசு சொன்னது, நடந்தது என நான்கு தலைப்புகளை டைப் செய்திடுங்கள். பயிற்சி முடிந்து வந்ததும் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கடைசிக் கட்டத்தில் 'முடித்தேன்' அல்லது 'நிறுத்தினேன்' மட்டும்தான் இருக்க வேண்டும். ஸ்பெல்லிங் மாறினால் பின்னால் கணக்கு உதைக்கும்.

பதில் பேசவும் பழக வேண்டும். பிரிட்டனில் 24 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. களைத்து நிற்கும் வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். தனக்குத் தானே ஊக்கமாகப் பேச இரண்டு வாரம் பழகிய பிரிவினர் முன்பைவிட 18 சதவீதம் அதிக நேரம் மிதித்தார்கள். பழகாத பிரிவினரிடம் அப்படி முன்னேற்றம் இல்லை. 2019-ல் வெளியான இன்னொரு சைக்கிள் ஆய்வில், "என்னால் முடியும்" என்பதைவிட "உன்னால் முடியும்" என்று தன்னையே முன்னிலையில் அழைத்துப் பேசியபோது வேகம் கூடியிருந்தது. நம் ஊர்ப் பாணியில் "இன்னும் ரெண்டு நிமிஷம்தாண்டா, ஓடு" என்று சொல்லிப் பாருங்கள். உரக்கச் சொல்வதா, மனதுக்குள்ளா என்பது தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மொபைலில் 10,000 அடி எட்டவில்லையே என்று நொந்துகொள்பவர்களுக்கு ஒரு தகவல். அது எந்த மருத்துவப் பரிசோதனையிலும் பிறந்த எண் அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருள் தருவதுதான். 6,000 அடி நடந்த நாளையும் லாக்கில் 'முடித்தேன்' என்றே எழுதலாம்.

ஒரு மாதம் ஆனதும் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பகுதியில் ஃபில்டரைக் கிளிக் செய்திடுங்கள் (கால்க்கில் இதன் பெயர் ஆட்டோஃபில்டர்). மூன்றாவது தலைப்பில் 'முடியாது' உள்ள வரிகளையும், நான்காவதில் 'முடித்தேன்' என்பதையும் தேர்வு செய்தால் எத்தனை வரிகள் தேறுகின்றன என்பது திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் தெரியும்.