அண்ணன் தம்பி பட்டாளம்!

"ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல என்னடா சுட்டுக்கிட்டே இருக்கே?"

உலகத்து அப்பாக்கள் எல்லோரும் எல்லா பாஷையிலும் கேட்ட கேள்வி இது. பெரும்பாலான பையன்களிடம் உருப்படியான பதில் கிடையாது. ஆனால் ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் என்கிற ஊரில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் 1997-ல் இப்படித் தாராளமாகச் சொல்லியிருக்கலாம்: "ஒண்ணுமில்லேப்பா... நூறு கோடி டாலர் சமாசாரம் ஒண்ணுக்குப் பிள்ளையார் சுழி போட்டுக்கிட்டிருக்கோம்!"

சொல்லியிருந்தால் முதுகில் ரெண்டு விழுந்திருக்கும். ஆனால் நடந்தது என்னமோ அதுதான்.

பெரியவர் ரால்ஃப் ரைஷெர்ட். அடுத்து டிம். கடைக்குட்டி பெஞ்சமின். சிநேகிதர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு இவர்கள் ஒரு 'கிளான்' ஆரம்பித்தார்கள். பெயர், 'ஷ்ரோட் கமாண்டோ'. ஜெர்மன் பாஷையில் 'ஷ்ரோட்' என்றால் வேட்டைத் துப்பாக்கியில் போடுகிற ரவை. ரவைப் பட்டாளம்! (உப்புமா ரவையை நினைத்துச் சிரிப்பவர்கள் கை தூக்கவும்.) இனிமேல் சுருக்கமாக எஸ்.கே.

அது என்ன கிளான்?

நம்ம தெரு கிரிக்கெட் டீம்தான், வேறொன்றுமில்லை. முதலில் பெயர் வைப்பார்கள். அப்புறம் காப்டன் யார் என்று சண்டை போடுவார்கள். அதற்கப்புறம்தான் ஆட்டம்! கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் தங்கள் புனைபெயரோடு இனிஷியல் மாதிரி கிளானின் எழுத்துக்களை ஒட்டிக்கொள்வார்கள். திரையில் அந்த எழுத்தைப் பார்த்தாலே எதிராளிக்குத் தெரிந்துவிடும், 'இவன் தனி ஆள் இல்லே, பின்னாடி கும்பல் இருக்கு' என்று.

இவர்கள் ஆடிய விளையாட்டு குவேக். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி 1996 ஜூனில் வெளியிட்டது. கையில் ஒரு கோடாலி, ஒரு ரவைத் துப்பாக்கி. இருட்டுக் கோட்டைக்குள் இறக்கிவிட்டுவிடுவார்கள். மற்றதை நீங்களே தேடிக்கொள்ள வேண்டியது.

'சும்மா கண்ணில் பட்டவனைச் சுடுவதுதானே, இதில் என்ன மூளை?' என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். குவேக்கில் 'குவாட்' என்று ஒரு சாமான் உண்டு. அதை எடுத்தவன் அடிக்கிற அடி நாலு மடங்கு! ஆனால் 30 செகண்டுக்குத்தான். ஒருவன் எடுத்த 60-வது செகண்டில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். கவசங்களும் அந்த மாதிரியே, 20 செகண்டுக்கு ஒரு தடவை. ஐரோப்பாவில் நாலு பேருக்கு நாலு பேர் என்று ஆடுவது பிரபலம். அதில் குறி பார்த்துச் சுடுவதைவிட, 'இன்னும் பத்து செகண்டில் குவாட் வரும், நீ கதவுகிட்ட நில்லு, நான் மேலே போறேன்' என்று மனசுக்குள் கடிகாரத்தை ஓடவிடுகிறவன்தான் ஜெயிப்பான். ரயில்வேயில் டைம்டேபிள் போடுகிற மூளை வேண்டும், சார்!

அதாவது, நாலு கெட்டிக்காரர்கள் தனித்தனியாக ஆடினால், நாலு சுமார் ஆசாமிகள் சேர்ந்து ஆடி அவர்களைக் கவிழ்த்துவிடலாம். கிளான் என்ற ஒன்று பிறந்ததற்குக் காரணமே இதுதான்.

மீட்டர் ஓடுது!

அந்தக் காலத்தில் இண்டர்நெட் என்றால் டெலிபோன் கம்பியில் மோடம். ஜெர்மனியில் டெலிபோனுக்கு ஒரே முதலாளி, டாய்ட்சே டெலிகாம். 1998 ஜனவரி 1-ல்தான் போட்டிக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. உள்ளூர் காலுக்கும் நேரக் கணக்கில் காசு. ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரியில் ரேட் குறைவு. அப்பாக்கள் ஏன் ராத்திரி ரெண்டு மணிக்குக் கேள்வி கேட்க நேர்ந்தது என்பது இப்போது புரிகிறதா?

காசு ஒரு பக்கம் என்றால் தாமதம் இன்னொரு பக்கம். முதலில் வந்த குவேக்கில் நீங்கள் ஓர் அடி நகர வேண்டுமென்றால், உங்கள் கம்ப்யூட்டர் தூரத்தில் இருக்கிற தலைமைக் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகே நகர்த்தும். ஆபீசில் லீவு லெட்டர் மேலே போய்க் கையெழுத்தாகித் திரும்பி வருகிற கதை! அதற்குள் எதிராளி உங்களை மூன்று முறை கொன்றிருப்பான்.

ஐடி கம்பெனியின் மூளைக்கார புரோகிராமர் ஜான் கார்மாக் இதற்கு ஒரு வழி பண்ணினார். 1996 டிசம்பரில் 'குவேக்வேர்ல்ட்' என்று ஒரு திருத்தம். 'மேலிடம் சரின்னுதான் சொல்லும்' என்று உங்கள் கம்ப்யூட்டரே யூகித்து உங்களை உடனே நகர்த்திவிடும். தப்பாகப் போனால் பின்னால் திருத்திக்கொள்ளும். மோடம் வைத்திருந்தவனும் மனுஷனாக ஆட முடிந்தது இதற்கப்புறம்தான். கிளான்கள் ஊருக்கு ஊர் முளைத்ததும் இதற்கப்புறம்தான்.

இன்னொரு வழியும் இருந்தது. கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடுவது! 'லேன் பார்ட்டி' என்று பெயர். பதினேழு இஞ்ச் மானிட்டர் என்றால் அரை மூட்டை அரிசி எடை. அதைக் காரில் ஏற்றி, ஏதாவது ஹாலில் மேஜை போட்டு, எல்லாவற்றையும் ஒரே ஒயரில் கோர்ப்பார்கள். வரிசையில் ஒருத்தன் காலால் ஒயரை இடறினால் போச்சு, எல்லாருக்கும் ஆட்டம் அம்பேல்! எவன் இடறினான் என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

ஊர் எப்படி?

ஓபர்ஹவுசன் இருப்பது ரூர் பிரதேசத்தில். ஒரு காலத்தில் நிலக்கரியும் உருக்கும்தான் அங்கே எல்லாம். பையன் பிறந்தால் சுரங்கத்திலோ உலையிலோ வேலை தயார் என்றிருந்த ஊர். ஊரின் கடைசிச் சுரங்கம் 1992-ல் மூடியது. பழைய உருக்காலை நின்ற இடத்தில் 1996-ல் பிரம்மாண்டமான ஷாப்பிங் சென்டர் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வருஷம்தான் நம்ம பையன்கள் கிளான் ஆரம்பித்தார்கள். தாத்தா காலத்து வேலை போய்விட்டது. பேரன் காலத்து வேலைக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. அப்படி ஒரு இடைவேளை.

'மூணு ஜெர்மன்காரன் சந்திச்சா ஒரு சங்கம் ஆரம்பிச்சுடுவான்' என்று அவர்களே தங்களைக் கிண்டலடித்துக்கொள்வார்கள். கால்பந்துக்கு சங்கம், பாட்டுக்கு சங்கம், முயல் வளர்க்கக்கூட சங்கம்! ஒரு தலைவர், ஒரு பொருளாளர், ஒரு நோட்டுப் புத்தகம். ரைஷெர்ட் சகோதரர்களுக்கு இந்தக் கால்பந்துச் சங்கப் பழக்கம் நன்றாகவே தெரியும். டிம், பெஞ்சமின் ரெண்டு பேரும் பின்னாளில் ஊர் கிளப்பான ரோட்-வைஸ் ஓபர்ஹவுசனுக்கு நிஜக் கால்பந்தே ஆடினார்கள். 'கம்ப்யூட்டரில் ஆடுகிறவன் சோம்பேறி' என்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

ஒரு கிளானை ஆரம்பிப்பது சுலபம். அஞ்சு நிமிஷம் போதும். நடத்துவதுதான் கஷ்டம். அடுத்த மேட்ச் எப்போது, எதிராளியிடம் பேசி நேரம் குறித்தது யார், நாலாவது ஆளுக்குப் பரீட்சை என்றால் பதில் ஆள் யார், போட்டிக்குப் போக ரயில் டிக்கெட் யார் எடுப்பது... இந்த வேலைக்கெல்லாம் கைதட்டல் கிடையாது. அதனாலேயே முக்கால்வாசி கிளான்கள் ஆறு மாசத்தில் மூச்சை விட்டுவிடும். எஸ்.கே. மூச்சை விடவில்லை. குவேக்கோடு நிற்காமல் வேறு விளையாட்டுகளுக்கும் அணிகள் வைத்துக்கொண்டது. ஒரு விளையாட்டுக்கு மவுசு குறைந்தாலும் கடை மூட வேண்டாம் பாருங்கள்!

பெரியவர் ரால்ஃப் இன்னும் ஒரு படி மேலே போனார். கிளான்கள் இருந்தால் போதுமா? மோதிக்கொள்ள மைதானம் வேண்டாமா? 2000-ல் கொலோன் நகரத்தில் சிலரோடு சேர்ந்து 'டர்ட்டில் எண்டர்டெய்ன்மெண்ட்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். டர்ட்டில் என்றால் ஆமை! அது நடத்திய லீக்தான் இ.எஸ்.எல்.

பைஜாமா போட்ட நிஞ்சாக்கள்

இதற்குள் காட்சி மாறிவிட்டது. 1999-ல் 'கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்' வந்தது. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள், ஏற்கெனவே இருந்த 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை மாற்றிச் செய்தது. ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஒரு கோஷ்டி குண்டு வைக்கும், இன்னொன்று தடுக்கும். வேடிக்கை என்னவென்றால், இதில் ஆட்டத்துக்குள்ளேயே சம்பளம் உண்டு. 800 டாலரோடு ஆரம்பம். ஜெயித்தால் போனஸ். தோற்றவனுக்கும் படிக்காசு. அதை வைத்துத்தான் துப்பாக்கி வாங்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் ஸ்வீடன்காரர்கள் புலி. அதற்கு அரசாங்கமும் ஒரு காரணம். ஆபீஸ் மூலமாக வரிச்சலுகையில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எடுக்கலாம் என்று 1998-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அப்பா ஆபீஸ் வேலைக்கு என்று எடுத்தார். யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

அங்கே 2000-ல் எமில் கிறிஸ்டென்சன், டாமி இங்கெமார்சன் என்ற இருவரும் ஆரம்பித்த கிளானின் பெயர், 'பைஜாமா போட்ட நிஞ்சாக்கள்'! நிஜமாகவே அதுதான் பெயர். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்குப் போய்ப் பெரிய போட்டியை ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

இங்கேதான் எஸ்.கே.வுக்குச் சோதனை. ஆரம்பித்த சிநேகிதர்களே கடைசி வரை ஆடுவது ஒரு வழி. சந்தோஷமாக இருக்கும், ஆனால் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தங்களைவிடக் கெட்டிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, தாங்கள் எழுந்து இடம் விடுவது இன்னொரு வழி. நம்ம ஆபீசையே நினைத்துப் பாருங்கள். பத்து வருஷமாக உட்கார்ந்த நாற்காலியை யாராவது சும்மா விடுவார்களா?

எஸ்.கே. விட்டது. 2002-ல் அந்த ஸ்வீடன் புலிகள் எஸ்.கே. பெயரில் ஆட வந்தார்கள். 2003 பிப்ரவரியில் அவர்களுக்கு எழுத்து மூலமாக ஒப்பந்தமும் போடப்பட்டது. கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் உலகத்தில் ஆட்டக்காரர்களை ஒப்பந்தத்தில் எடுத்த முதல் கிளான்களில் இது ஒன்று. ஆட்டத்துக்குள் மட்டும் வந்துகொண்டிருந்த சம்பளம் ஆட்டத்துக்கு வெளியேயும் வர ஆரம்பித்தது!

பலன்? அதே வருஷம் டல்லாஸில் கோடையில் ஒரு பட்டம், குளிர்காலத்தில் ஒரு பட்டம். சியோலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியிலும் முதலிடம். அங்கே கோப்பையைத் தூக்கிய ஐந்து பேரில் ஒரு ஜெர்மன்காரர்கூட இல்லை. பெயர் மட்டும் ஓபர்ஹவுசன் பையன்கள் வைத்தது.

சம்பளம் வந்தால் சங்கடமும் வரும்

காகிதத்தில் கையெழுத்து வந்த பிறகு சிநேகிதத்துக்கு ஒரு கடைசித் தேதியும் வந்துவிடுகிறது. 2004-ல் ஓலா மோம் என்ற நார்வேக்காரர் எஸ்.கே.விலிருந்து நோவா என்ற அணிக்குப் போனபோது அவருக்காகப் பணம் கைமாறியது. கால்பந்துக்காரரை விற்கிற மாதிரி! இந்தத் துறையில் இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று சொல்கிறார்கள். 2005 தொடக்கத்தில் ஸ்வீடன்காரர்களின் ஒப்பந்தம் முடிந்தது. கிறிஸ்டென்சனும் இங்கெமார்சனும் எழுந்து போய், பழைய பைஜாமா நிஞ்சாக்களையே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

'அவ்வளவுதான், எஸ்.கே. காலி' என்று நினைக்கத் தோன்றும். காலியாகவில்லை. ஆட்டக்காரர்கள் மாறினார்கள், விளையாட்டுகள் மாறின. 2016-ல் கொலோனில் நடந்த பெரிய கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் பட்டத்தை எஸ்.கே. வென்றபோது ஆடியவர்கள் ஐந்து பேரும் பிரேசில்காரர்கள்! 2019-ல் மெர்சிடிஸ்-பென்ஸும் கொலோன் கால்பந்து கிளப்பும் எஸ்.கே.வில் பங்கு எடுத்துக்கொண்டன.

ரால்ஃபின் ஆமை? 2015-ல் ஒரு ஸ்வீடன் நிறுவனம் அதில் 74 சதவீதத்தை 7.8 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. 2022-ல் சவுதி அரசு முதலீட்டு நிதியைச் சேர்ந்த ஒரு கம்பெனி, இ.எஸ்.எல்.லை 105 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. 2024-ல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பைக்கு ரால்ஃப்தான் தலைமை நிர்வாகி. பரிசுப் பணம் 6 கோடி டாலருக்கும் மேலே. டிம் மட்டும் சும்மா இருந்தாரா? 2016-ல் ஷால்கே 04 கால்பந்து கிளப் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரிவு தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றார்.

1997-ல் டெக்ஸாஸ் கார்மாக் தன் சொந்த ஃபெராரி காரையே குவேக் போட்டிக்குப் பரிசாக வைத்தார். டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் ஜெயித்து சாவியை வாங்கிக்கொண்டார். அதே வருஷம் ஓபர்ஹவுசன் பையன்களுக்குக் காரும் கிடைக்கவில்லை, கதவும் கிடைக்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பெயரும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். காருக்கு ஒரு சொந்தக்காரர்தான். பெயருக்குள்ளே எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்பதை ஜெர்மன்காரர்களும், ஸ்வீடன்காரர்களும், பிரேசில்காரர்களும் வரிசையாகக் காட்டிவிட்டார்கள்.

நீங்களும் சிநேகிதர்களோடு ஏதாவது ஆரம்பிக்கப் போகிறீர்களா? ஆர்க்கெஸ்ட்ராவோ, டிராமா ட்ரூப்போ, கிளானோ, எதுவாக இருந்தாலும் சரி. குறி பார்த்துச் சுடுகிறவன் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பான். ரயில் டிக்கெட் எடுக்கிறவனை மட்டும் முதலில் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், சார்!