விட்ட கதிரும் விழுந்த மணியும்

ஏப்ரல் மாதக் கடைசியில் தில்லியிலிருந்து பானிப்பட், குருக்ஷேத்திரம் பக்கம் ரயிலில் போனவர்கள் பார்த்திருக்கலாம். கோதுமை அறுத்து முடித்த வயல்களில் பெண்களும் பிள்ளைகளும் குனிந்தபடி எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். முதன்முதலாக அதைப் பார்த்தபோது பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். "சீலா பொறுக்குறாங்க" என்று அவர் இந்தியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார். எனக்கோ மனசு திண்டிவனத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் அதைத் 'தப்புக்கடலை பொறுக்குறது' என்போம்.

அறுவடைக்குப் பின் நிலத்தில் விடுபட்டதைப் பொறுக்கிப் பசியாறுவது பல நாடுகளில் இருந்த பழக்கம். இன்று வசதியுள்ளவர்களும் அதைத் தொண்டாகச் செய்து, கிடைத்ததை அன்னதானக் கூடங்களுக்குத் தருகிறார்கள். இந்தப் பழக்கம் வந்த வழியையும், அதைத் தொண்டாகச் செய்யும்போது எதை மறக்கக் கூடாது என்பதையும் நம் மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சொல்லுக்குள் இருக்கும் வயல்

'உஞ்சவிருத்தி' என்றால் நமக்குத் தியாகராஜர் (1767–1847) நினைவுதான் வரும். திருவையாற்று வீதிகளில் பாடிச் சென்று, வீட்டார் இட்ட அரிசியை ஏற்று வாழ்ந்தவர் அவர். ஆனால் 'உஞ்சம்' என்ற வடசொல்லின் முதற்பொருள், சிந்திய தானிய மணிகளைப் பொறுக்குதல். கதிராகவே விடுபட்டதைப் பொறுக்குவதற்குச் 'சிலம்' என்று பெயர். ரயிலில் நான் கேட்ட 'சீலா' அந்தச் சொல்லின் பேச்சு வடிவம்தான். மனு நூல் இந்தப் பிழைப்பை 'ருதம்', அதாவது உண்மை, என்று உயர்த்துகிறது. கேட்டு வாங்கும் பிச்சைக்கு அது தரும் பெயர் 'மிருதம்', இறந்தது. பொறுக்குவது வேறு, இரப்பது வேறு என்ற தெளிவு அன்றே இருந்திருக்கிறது.

மகாபாரதத்தின் அசுவமேத பருவத்தில் வரும் கீரிப்பிள்ளைக் கதையும் இதைப் பற்றியதுதான். பஞ்ச காலத்தில், குருக்ஷேத்திரத்தில் பொறுக்கிய தானியத்தில் வாழ்ந்த ஒரு குடும்பம், தன்னிடமிருந்த கொஞ்சம் மாவையும் விருந்தாளிக்குக் கொடுத்துவிடுகிறது. சிந்திய மாவில் புரண்ட கீரியின் பாதி உடம்பு பொன்னாகிறது. மறுபாதிக்காகத் தருமரின் பெரிய வேள்விக்கு அது போகிறது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. கதை நடந்த அதே மண்ணில்தான் அந்தப் பெண்கள் குனிந்திருந்தார்கள்.

உரிமையா, சலுகையா?

யூதர்களின் திருமறையில் லேவியராகமம் இதைச் சட்டமாகவே வைத்தது. வயலின் மூலைகளை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியது என்பது அதன் கட்டளை. பெத்லகேமில் ரூத் என்ற விதவை, வேற்று நாட்டுப் பெண், கதிர் பொறுக்கித் தன் மாமியாரைக் காப்பாற்றியது இந்த வழக்கத்தால்தான்.

இங்கிலாந்திலும் நெடுங்காலம் இது இருந்தது. 1788-இல், சஃபோக் வட்டாரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், பொறுக்குவது ஏழைகளின் சட்ட உரிமை அல்ல என்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை உரிமையாகக் கருதப்பட்டது நிலக்காரரின் தயவு என்றாயிற்று. பிரான்சில் 1857-இல் மில்லே என்ற ஓவியர், கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்தார். அவர்கள் கைகளில் கொஞ்சம் கதிர். பின்னால் தூரத்தில் மலைபோல் போர். யார் அறுத்தது, யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அந்தப் படத்திலேயே இருக்கிறது.

தப்புக்கடலை

கடலைச் செடியைப் பிடுங்கும்போது மண் இறுகியிருந்தால் காம்பு அறுந்து காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு மழை பெய்தாலோ மறு உழவு ஓட்டினாலோ மேலே தெரியும். கொல்லைக்காரர் தம் வேலை முடிந்தது என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். நானும் அம்மாவும் களைக்கொட்டோடு போவோம். ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினால் அம்மாவின் மடி நிறையும். என் பள்ளிக்கூட நோட்டுகள் அதில் வந்தவை.

பெரியவனானதும் இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டேன். ஒருமுறை அம்மாவிடமே, "பிச்சை மாதிரி இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. "பிச்சைன்னா அடுத்தவன் கையப் பாக்கணும். நாம மண்ணைத்தானே பாத்தோம்?" என்றார். அந்த ஊரில் ஒரு பெரியவர் தம் ஆட்களிடம், "ரொம்பத் தோண்டாதீங்கப்பா, வர்றவங்களுக்கும் இருக்கட்டும்" என்பார். கொடுத்தவர் என்று அவரை யாரும் பாராட்டியதில்லை. விட்டுவைத்தார், அவ்வளவுதான்.

இன்றைய தொண்டு

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் 1979-இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூ சங்கம், தொண்டர்களை வயலுக்கு அழைத்துப்போய், விற்பனைக்குப் போகாத விளைச்சலைப் பொறுக்கி ஏழைகளுக்கு அனுப்புகிறது. 1996-இல் வந்த சட்டம், நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர்மீதும் பொறுக்கித் தந்தவர்மீதும் எளிதில் வழக்குப் போட முடியாதபடி காப்பளித்தது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 1995-இல், 'தோட்டத்தில் ஒரு வரிசை பசித்தவருக்கு' என்ற இயக்கம் பிறந்தது. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கான விதிகளை வெளியிட்டது.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் கடைகள், உணவகங்கள், வீடுகள் மூன்றிலும் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது.

நாங்கள் கற்றது

ஒரு குளிர்காலத்தில் சோனிபத் பக்கம் ஒரு விவசாயி, முள்ளங்கி விலை விழுந்து பிடுங்கும் கூலிகூடத் தேறாததால், அப்படியே உழுதுவிடப் போவதாகச் சொன்னார். அவர் அனுமதியோடு நாங்கள் நாலு குடும்பம் போய், காலைப் பனியிலேயே பிடுங்கி மூட்டை கட்டினோம். நேராக ஓர் அன்னதானச் சமையலறைக்குக் கொண்டுபோனோம். சமையல்காரர் தலையில் கை வைத்தார். "இவ்ளோ முள்ளங்கிய வச்சு நான் என்ன பண்றது? ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கலாமே!" பாதி வாடிப்போயிற்று. தப்பு எங்களுடையதுதான். அதிலிருந்து, என்ன வேண்டும், எத்தனை கிலோ, எந்த நேரத்துக்கு என்று கேட்ட பிறகுதான் வயலில் கால் வைக்கிறோம். பறித்ததை வெயிலில் வைப்பதில்லை; அன்றைக்கே சேர்த்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய பாடம் இன்னொன்று. நாங்கள் பிடுங்கிக்கொண்டிருந்தபோது வரப்போரத்தில் இரண்டு பெண்கள் வெறுங்கூடையோடு நின்றார்கள். எங்களைப் பார்த்து இறங்கத் தயங்கினார்கள். அவர்கள் பொறுக்க வேண்டியதைத்தான் நாங்கள் தொண்டு என்று சொல்லி வாரிக்கொண்டிருந்தோம். அம்மாவும் நானும் இப்படித்தானே வரப்பில் நின்றிருப்போம் என்று தோன்றியதும் கை ஓடவில்லை. விவசாயியிடம் சொல்லி ஒரு மூலையை அவர்களுக்கே விட்டோம். இப்போது எங்கே போனாலும், இங்கே ஏற்கெனவே யார் பொறுக்குகிறார்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். தில்லி சாலையோர நாவல் மரங்களுக்கும் இதே விதிதான். ஜூன், ஜூலையில் துணி விரித்துப் பழம் பிடிப்பவர்களின் பிழைப்பு அது. அங்கே நம் தொண்டு வேண்டாம்.

தோட்டம் நம்முடையது, அதில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். மாடித் தொட்டியில் பாலக், வெந்தயக்கீரை, புதினா. வாசலில் முருங்கை, கறிவேப்பிலை. நமக்குப் போக மிஞ்சியதைக் கொடுப்பது ஒரு வழி. விதைக்கும்போதே ஒரு தொட்டியை ஒதுக்கிவிடுவது அதைவிட நல்லது. அது மிச்சம் அல்ல, பங்கு.

பகுத்துண்பதை வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில் (குறள் 322) அறங்களுக்கெல்லாம் தலையாக வைத்தார். அது ஏன் அந்த அதிகாரத்தில் வந்தது என்று படிக்கும் காலத்தில் எனக்குப் புரியவில்லை. வெறுங்கூடையோடு நின்ற அந்த இரண்டு பேரைப் பார்த்த பிறகு புரிந்தது.